உள்ளங்கைக்குள் சேர்ந்த குச்சிகள்

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டிய மலைச்சாலை வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே நின்றுவிட்டது. அதன் பின்னால் எங்கள் மருத்துவமனை வேன். மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தேன். சாலையை ஒட்டிய தேயிலைச் சரிவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவுச் செடிகளுக்கிடையே நகர்ந்துகொண்டிருந்தார்கள். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் ஒருத்தியின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது செடிக்குள் போனது, கிள்ளியது. அடுத்து கூடைக்குப் போகும் என்று நினைத்தேன்; போகவில்லை. பக்கத்துக் கிளைக்குப் போய்க் கிள்ளியது. இன்னொன்று. இன்னொன்று. ஆறாவதோ ஏழாவதோ கிள்ளிய பிறகுதான் கை தோளுக்கு மேல் எழுந்து முதுகுக் கூடைக்குள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் போட்டது. அடுத்தவளும் அப்படித்தான். அதற்கடுத்தவளும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

“மிஸ்ஸி, எங்க போறீங்க? சேறு லா!” என்று டிரைவர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. காலில் வெள்ளைச் சப்பாத்தோடு சரிவில் ஏறி, முதலில் கண்ணில் பட்ட பெண்ணிடம் போய், “கையக் கொஞ்சம் திறந்து காட்டுங்க” என்றேன். அவள் பயந்துபோய் விரல்களை விரித்தாள். உள்ளங்கையில் ஐந்து கொழுந்துகள், காம்பெல்லாம் ஒரே பக்கமாக, நெருப்புப் பெட்டிக் குச்சிகளைப் போல அடுக்காகக் கிடந்தன. விரல் நுனியால் கிள்ளியதைக் கட்டை விரலால் உள்ளே தள்ளி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் அதைக் கசக்காமல் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்கள் அடுத்த கொழுந்துக்குப் போயிருக்கின்றன. ஒரே கை, ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மேட்டில் நின்ற கங்காணி குரல் கொடுத்தார். “என்னா மிஸ்ஸி, பேர் பதியணுமா? கூடை இருக்கு, குடுக்கவா?” பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வாரம் ஒரு பெண்ணின் கைக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை தவறு என்பது அந்தச் சேற்றில் நின்றபோதுதான் புரிந்தது.

எண்பத்தொன்றாம் ஆண்டு அது. படிப்பை முடித்து வந்த புதிது, இருபத்து நான்கு வயது. விபத்துக்கோ நோய்க்கோ பிறகு ஒருவர் தம் அன்றாட வேலையைத் திரும்பச் செய்யும்படி பழக்குவது என் தொழில். அதற்கு முதலில் தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்தாக வேண்டும். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, பிடி எவ்வளவு இறுகுகிறது, சின்னப் பொருளை எத்தனை விநாடியில் எடுத்து வைக்கிறது என்று அளக்க ஒரு பெட்டி நிறையக் கருவிகள் வைத்திருந்தேன். மலையில் என் வேலைக்குப் பெயர் தெரியாததால் தோட்டத்து மக்கள் என்னைக் ‘கை மிஸ்ஸி’ என்றார்கள். நான் ஈப்போ டவுனில் வளர்ந்தவள். தேயிலை என்பது டின்னில் வரும் தூள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அது தெரியவில்லை என்பதும் தெரியாது.

நான் தப்பாக எழுதியது அக்காவின் கையை. எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. நாற்பது வயதிருக்கும். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவர் இறந்துவிட்டார். தோட்டத்துப் பேர்ப் பதிவில் அந்த வீட்டிலிருந்து இருந்தது அக்காவின் பெயர் ஒன்றுதான். பெயர் இருக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. பெயர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு மகள்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். கை கொழுந்தெடுக்க உதவுமா உதவாதா என்று நிர்வாகம் மருத்துவமனையைக் கேட்டது. டாக்டர் என்னைக் கேட்டார்.

அன்று அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. தலையில் எண்ணெய் வைத்து வாரி, கோயிலுக்குப் போகும் சேலை கட்டி வந்திருந்தார். ஒன்பது துளை உள்ள மரப்பலகையையும் ஒன்பது சிறு குச்சிகளையும் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் நட வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் சோதனை. கடிகாரத்தை அமுக்கினேன். அக்கா முதல் குச்சியை எடுத்தார், நடவில்லை. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது. எல்லாம் கைக்குள் போய்க்கொண்டே இருந்தன. நான்காவது நழுவித் தரையில் உருண்டது. “ஒவ்வொண்ணா, அக்கா” என்றேன். “சரி மிஸ்ஸி” என்று மறுபடியும் அதையே செய்தார். மூன்றாம் முறை என் குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், யாரோ ஒருவருடைய கையை இரவல் வாங்கி வந்தவர் போலத் தன் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக. நேரம் மோசமாக வந்தது. வலது கையின் பிடியை அளந்தேன், இடது கைப் பிடியில் பாதிகூட இல்லை. ‘சொன்னதைப் புரிந்து செய்வதில் தடுமாற்றம். வலது கை நுண்ணிய வேலைக்கு ஏற்றதாக இல்லை’ என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும் போட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்ததில் அன்று பெருமை வேறு.

புரிந்துகொள்ளாதது நான். அந்தக் கை இருபது வருடம் பழகியதைத்தான் செய்தது. எடுத்ததை உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டே அடுத்ததை எடுப்பது விரல்கள் செய்யக்கூடிய வேலைகளிலேயே கடினமானது என்று நானே பாடமாகப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். முறிந்து கூடிய கை மூன்று குச்சிகளை என் கண்ணெதிரே அப்படிச் சேர்த்தது. அதைப் பார்த்துவிட்டுத் தடுமாற்றம் என்று எழுதியிருக்கிறேன்.

டயர் மாற்றி முடிவதற்குள் டிரைவரைக் கெஞ்சி, வேனைத் தோட்ட ஆபீசுக்குத் திருப்பச் சொன்னேன். மேனேஜரைத் துரை என்றுதான் இன்னமும் சொல்வார்கள். ஆனால் அவர் நம்மவர்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். என் அறிக்கை அவர் மேசை மேல்தான் இருந்தது. நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அதைத் தூக்கிக் காட்டினார். “போன வாரம் முடியாதுன்னு எழுதுனதும் நீங்கதான். இந்த வாரம் முடியும்னு சொல்றதும் நீங்கதான். நான் எந்த மிஸ்ஸிய நம்புறது?”

“ரெண்டு பேரையும் நம்ப வேணாம் சார். அவங்கள மலையில நிக்க வச்சு நீங்களே பாருங்க.”

அவர் சிரித்தார். திங்கட்கிழமை பெயரை எடுக்க வேண்டும், எடுக்கும் முன் திங்கள் காலையில் ஒரு மணி நேரம் தருகிறேன், அவ்வளவுதான் என்றார். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். முடியும் என்று நான் சொன்னது ஒரு நம்பிக்கையில்தானே. பிடி பாதிகூட இல்லை என்பது பொய்யில்லை. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது என்பதும் பொய்யில்லை.

திங்கட்கிழமை மூடுபனி விலகாத நேரத்தில் அக்கா கூடையோடு நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, “பசியாறிட்டீங்களா மிஸ்ஸி?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பலகையில எனக்கு கோசோங் போட்டீங்களாமே. முட்டை மார்க்கா? எம்மக இஸ்கூல்ல கூட அப்பிடி வாங்குனதில்ல” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. இரண்டு பக்கமும் அவர் வயதுள்ள இரண்டு பெண்களை நிற்க வைத்தேன். அவர்கள் கை எத்தனை சேர்க்கிறது, அக்காவின் கை எத்தனை சேர்க்கிறது, எத்தனை நழுவுகிறது, வலி எப்போது வருகிறது என்று பார்ப்பது என் திட்டம். துரை குடையை ஊன்றிக்கொண்டு மேலே நின்றார். கங்காணி அவருக்குப் பக்கத்தில்.

முதல் கால்மணி நேரம் மோசமாகப் போனது. இரண்டு கொழுந்து சேர்வதற்குள் விரல் திறந்துகொண்டது. மூன்று சேர்ந்தபோது கை தோளுக்கு மேல் போனது. ஆனால் உள்ளங்கை பின்பக்கம் திரும்பவில்லை. கொழுந்து கூடைக்குள் விழாமல் கழுத்திலும் தலையிலும் உதிர்ந்தது. “அக்கா பூ வச்சுக்கிச்சு டி!” என்று பக்கத்து நிரையிலிருந்து ஒருத்தி சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். என் நாக்கு நுனியில் பத்து யோசனைகள் வந்து நின்றன. முழங்கையை ஒட்டி வையுங்கள், இடது கையால் போடுங்கள், நின்று ஓய்வெடுங்கள். போன தடவை நான் பேசித்தான் கெடுத்தேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அக்கா கிள்ளுவதை நிறுத்தினார். கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து இறக்கித் தோளில் குறுக்காகப் போட்டு, கூடையை முதுகிலிருந்து வலது அக்குளுக்குக் கீழே இழுத்தார். வாய் முன்பக்கம் பார்க்கும்படி சாய்த்து, முடிச்சைப் பல்லால் இறுக்கினார். கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

“ஏ, கூடைய முதுகுல போடு! என்னா புதுப் பழக்கம்?”

“கொழுந்துக்கு எந்தப் பக்கம் விழுந்தா என்னா கங்காணி? கூடைக்குள்ளதான விழுது!”

சொல்லிக்கொண்டே கை செடிக்குள் போய்விட்டது. இப்போது தோளுக்கு மேல் போக வேண்டியதில்லை, உள்ளங்கை பின்னால் திரும்ப வேண்டியதில்லை. விரலைத் திறந்தால் போதும், கொழுந்து கூடைக்குள். மூன்று சேர்ந்தது. நான்கு. செடியின் மேட்டுப் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டார். அங்கிருந்து கை கீழ்நோக்கிப் போனதால் மணிக்கட்டைப் பின்னால் வளைக்க வேண்டியிருக்கவில்லை. மடங்காத மூட்டைச் சுற்றிக்கொண்டு போக உடம்பு தானே ஒரு வழி கண்டுபிடிப்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஐந்து சேர்ந்தபோது என் பென்சில் தாளைக் கிழித்துவிட்டது. ஆறு. இடப்பக்கத்துப் பெண்ணின் கையும் ஆறுதான். அவளே அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, நாலு மாசம் வீட்டுல படுத்திருந்த கையா இது? பொய்க் கட்டு லா போட்டிருந்துச்சு!” என்றாள். இம்முறை அக்காவும் சேர்ந்து சிரித்தார், கண்ணும் சிரித்தது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் கங்காணி இறங்கி வந்து கூடைக்குள் கையை விட்டார். முத்தல் இலை ஒன்று கிடைத்தால்கூட அவர் தூக்கிக் காட்டிக் கத்துவார் என்பது மலைக்கே தெரியும். கிளறினார், அடியிலிருந்து அள்ளிப் பார்த்தார். பிறகு அள்ளியதைத் திரும்பவும் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டு, மேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். துரை குடையை மடக்கினார். “பேரு இருக்கட்டும்” என்றார். இரண்டே சொல். சரிவு முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், எதிர்மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நானும் கத்தியிருக்கிறேன். டிரைவர் இன்றுவரை அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்.

புதிய அறிக்கையில் உண்மை முழுவதையும் எழுதினேன். வலது கையால் நிறைந்த கூடையைத் தூக்கக் கூடாது, மணிக்கட்டு இன்னும் இருபது பாகை குறைவாகத்தான் திரும்புகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு தேவை. அதோடு என் படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைக் கோடு போட்டுச் சேர்த்தேன்: ‘உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடிப்பது.’ கீழே டவுனில் இருந்த என் மேலதிகாரி, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். மேலே வந்து பாருங்கள் என்று சொன்னேன். வந்தார், பார்த்தார், கட்டம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இப்போது மலையில் யார் கையை அளந்தாலும், அவர் எதைச் செய்து பிழைக்கிறார் என்று முதலில் பார்க்காமல் நான் கடிகாரத்தைத் தொடுவதில்லை. கோலா தெர்லாவில் ஒரு தோட்டக்காரரின் கையை முட்டைக்கோஸ் அறுக்கும்போது அளந்தேன். கம்போங் ராஜாவில் ஒரு தையல்காரியின் கையை அவள் ஊசி கோக்கும்போது.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. அக்கா இன்றும் பேர்ப் பதிவில் இருக்கிறார், அதே லயத்து வீட்டில். தோள் வலிக்கிற இன்னும் மூன்று பெண்கள் கூடையைப் பக்கவாட்டில் கட்டுகிறார்கள். கங்காணி பார்த்தும் பாராததுபோல் போய்விடுகிறார். ஆனால் போன வாரம் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. தோட்டத்தில் கத்திரி இறக்கிவிட்டார்களாம். வெட்டிய கொழுந்து விழ ஓரத்தில் பையோடு, இரண்டு கையாலும் பிடித்து வெட்டுகிற பெரிய கத்திரி. இனிமேல் விரலால் கிள்ளுவது சில மலைகளில் மட்டும்தான். கிள்ளத் தெரிந்த கைக்கு இறுக்கத் தெரியுமா என்று பெண்கள் எல்லோரும் பயந்து கிடக்கிறார்கள். அக்கா சொல்லியனுப்பியது வேறு: “எனக்குப் பிடி பத்தாது, தெரியும். ஆனா பிடிய மாத்தலாம்ல? மிஸ்ஸிய வரச் சொல்லு, ரெண்டு பேரும் பாத்துடுவோம்.”

எனக்கு இதை எப்படி அளப்பதென்று இன்னும் தெரியாது. கத்திரியைத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும், மூட எவ்வளவு, பை நிறைய நிறைய எந்தத் தோள் முதலில் இறங்கும் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. துரையிடம் ஒரு பழைய கத்திரி கேட்டு வாங்கிவிட்டேன். பிரிஞ்சாங் சைக்கிள் கடையில் ரப்பர்க் குழாய் இரண்டு முழம் வாங்கி, ஒரு கைப்பிடியில் தடிமனாகவும் மற்றதில் மெல்லியதாகவும் சுற்றியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் லோரியில் எனக்கும் ஓர் இடம் சொல்லியாகிவிட்டது. தடிமன் சரிவரவில்லை என்றால் அங்கேயே பிரித்து, அக்கா சொல்கிறபடி மறுபடி சுற்றுவோம்.