முக்காட்டுக்குள் ஓடிய கணக்குப் பாடம்

அன்பானவர்களே, என் பெயர் செல்வி. திருநின்றவூரில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நாளெல்லாம் நின்றே செய்ய வேண்டும். போன வருஷம் இரண்டு காலும் வீங்கிவிட்டன. இனி நிற்கக் கூடாது என்றார் டாக்டர். டிகிரி சேர்ந்து முதல் வருஷத்தை அரியர் இல்லாமல் முடித்துக் காட்டினால் ஆபீசில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அதற்காகத்தான் ஆன்லைனில் பி.காம். சேர்ந்தேன்.

“வீட்லயேதான படிக்கப்போற, போன் பாக்குற மாதிரிதான்” என்றார் என் வீட்டுக்காரர். நானும் நம்பினேன். ஐயோ!

கல்யாணத்துக்கு முன் கொஞ்ச நாள் காலேஜுக்குப் போனவள் நான். அங்கே வகுப்பில் உட்கார்ந்தாலே பாதி காதில் விழும். மீதியைப் பக்கத்தில் இருப்பவள் சொல்லித் தருவாள். பெல் அடித்தால் முடிந்தது. ஆன்லைனில் பெல்லே கிடையாது. வீடியோ பார்க்க வேண்டும், உடனே அதற்கொரு டெஸ்ட், வாராவாரம் அசைன்மென்ட், போதாததற்குக் குரூப்பில் பதில் எழுதினால்தான் அட்டெண்டன்ஸ். சாம்பார் கொதிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் சார் பேசிக்கொண்டே இருப்பார். மண்டையில் ஒன்றும் ஏறாது. டெஸ்டில் பெயிலானேன். இன்னொன்றும் போனால் பரீட்சை எழுத முடியாது என்று மெசேஜ் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுதேன்.

காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் எங்களுக்கு ஜெபம் உண்டு. எஸ்தர் அக்கா நடத்துவார். ஒருத்தி புருஷனுடைய புற்றுநோய்க்காக ஜெபிக்கச் சொல்வாள், ஒருத்தி மகளின் வாழ்க்கைக்காக அழுவாள். அதற்கு நடுவே அசைன்மென்டுக்கு ஜெபியுங்கள் என்று எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. “சமாதானத்துக்கு ஜெபிங்கக்கா” என்று மட்டும் சொல்வேன். பிறகு முக்காடு போட்டு, அதற்குள்ளே ஒரு காதில் இயர்போனை வைத்து வீடியோவை ஓடவிடுவேன். என்ன செய்ய, வேறு நேரம் இல்லை.

அந்த மெசேஜ் வந்த மறுநாள் ஜெபத்தில் கண்ணை மூடியதும், “ஆண்டவரே, என்னால முடியலப்பா, விட்டுடட்டுமா?” என்று மனதுக்குள் கேட்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். பட்டாபிராமில் ஏறிய கூட்டத்தில் யாருடைய பையோ இயர்போன் வயரில் மாட்டி, அதைப் போனிலிருந்து பிடுங்கிவிட்டது. எஸ்தர் அக்கா கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்க, என் மடியிலிருந்த போனில் சார், “தேய்மானத்தை எந்தப் பக்கம் எழுதுவோம்?” என்று சத்தமாகக் கேட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

எதிரே நின்றிருந்த, நெற்றி நிறையக் குங்குமம் வைத்த பெண் மட்டும், “யக்கா, இது எங்க சார் குரலாச்சே! நீயும் அந்த கோர்ஸா?” என்றாள். “கணக்குகூட வந்துடுது, இங்கிலீஷ்தான் ஒண்ணும் புரிலக்கா. இன்னியோட நின்னுடலாம்னு கீறேன்.” அவள் பெயர் ரேவதி. கொரட்டூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள்.

எஸ்தர் அக்கா என்னை முறைத்தார். “இதுக்கா இத்தினி நாளா சமாதானம் சமாதானம்னு கேட்டுகினு இருந்த? வாயத் தொறந்து சொன்னா இன்னாடி?” திட்டி முடித்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். ரேவதி தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான்.

மறுநாளிலிருந்து ஜெபம் முடிந்ததும் ஜன்னலோர சீட்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவள் கணக்கு சொல்லித் தருவாள், நான் இங்கிலீஷ் சொல்லித் தருவேன். சுமை குறைந்ததா என்றால், இல்லை. அதே வீடியோ, அதே அசைன்மென்ட், அதே களைப்பு. ஆனால் பக்கத்தில் கேட்க ஒருத்தி இருந்தாள். கர்த்தருடைய கிருபையால் இரண்டு பேருமே முதல் வருஷம் பாஸ். இன்று நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஸ்தோத்திரம்!

பிரியமானவர்களே, ஆண்டவரிடம் கேட்க முடியாத அளவுக்குச் சின்னக் கஷ்டம் என்று எதுவும் கிடையாது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அதனால்தான் அவர் என் போனைப் பேச வைத்தார்.