எனக்காகக் கேட்டவர்

என் கையெழுத்து மோசம். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குத் திங்கட்கிழமை கல்லூரி தொடங்கவிருந்தது. மடிக்கணினி வேண்டும். ஃபேரர் பார்க்கில் இருக்கும் மின்சாதனக் கடைக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய், விற்கிற பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். மூன்றாம் முறை, வேலை முடிந்து கால்வலியோடு போய் நின்றேன்.

வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒருவர் பக்கத்தில் வந்தார். "யாருக்குண்ணே?"

"மகனுக்கு. படிக்கத்தான். கொஞ்சம் கேமும் விளையாடணுமாம்."

அவர் கையிலிருந்த குடையைத் தரையில் தட்டி அந்தப் பெண்ணை அழைத்தார். "ஏம்மா, என் மகனுக்கு லேப்டாப் வேணும். தினம் தூக்கிட்டுப் போவான், கனமா இருக்கக்கூடாது லா. கேம் விளையாடினா சூடாகுமா?"

"பெரிய கேம்னா கஷ்டம் அங்கிள். சின்ன கேமுக்கு இது போதும்."

ஒவ்வொரு கேள்விக்கும் குடை தட்டியது. கடைசியில், "முதல்ல இவருக்குக் குடும்மா. நான் வீட்டுல கேட்டுட்டு வரேன்," என்றார்.

பணம் கட்டும்போது மறுபடியும் குடைச் சத்தம் கேட்டது. சலவை இயந்திரங்களுக்கு நடுவே, தலைகுனிந்து நின்ற ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று, விற்கிற பையனிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க வீட்டுல சமையலறை ரொம்பச் சின்னது. இது உள்ள போகுமா?"

என் மகன் அந்தக் கணினியில்தான் படிக்கிறான், விளையாடுகிறான். அவருக்கு மகன் இருக்கிறானா என்று தெரியாது. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் எழுதியது.