பிரெஞ்சில் வந்த பாராட்டு

மொன்றியலில் கடைக்காரர்கள் ஒரே மூச்சில் இரண்டு மொழிகளில் வணக்கம் சொல்வார்கள்: "பொன்சூர், ஹாய்." நாம் எதில் பதில் சொல்கிறோமோ அதிலேயே மிச்ச வியாபாரம் நடக்கும். வந்து இத்தனை வருடமாகியும், எதில் பதில் சொல்வது என்ற அந்தச் சின்னத் தயக்கம் எனக்குப் போகவில்லை.

அன்று காலை லாசாலில் எங்கள் வீட்டருகே உள்ள தெப்பனேர் எனும் மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனவன், பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் என் மருமகன் நிஷாந்தின் படத்தைக் கண்டேன். லண்டனில் இருக்கும் அக்காவின் மகன். வெள்ளைக்கார நண்பர்களோடு ஒரு ராக் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தான். அவர்களுடைய முதல் அல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய லண்டன் விமர்சகர்கள், அந்த வசந்தத்தில் வந்த இரண்டாவதைக் கிழித்துப் போட்டார்கள். "படிப்பை விட்டுட்டுப் போனவன், இப்ப பேப்பரில பேச்சு வாங்குறான்" என்று அக்கா தொலைபேசியில் அழுதாள். அவள் அந்த அல்பத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மாலை நிஷாந்தின் குழுவுக்கு எங்கள் நகரத்தில் கச்சேரி. மதியம் நிஷாந் மட்டும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நன்றாக மெலிந்திருந்தான். நான் பத்திரிகையை விரித்தேன்.

"பிள்ளை முதல் சாப்பிடட்டும், பேந்து வாசியுங்கோ" என்றாள் மனைவி.

எனக்குப் பொறுக்கவில்லை. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பாடல்கள் சோர்ந்து கிடக்கின்றன என்று எழுதிய விமர்சகர், கிற்றாருக்கு மட்டும் ஒரு பந்தி முழுவதையும் கொடுத்திருந்தார். இந்த அல்பத்தைத் திரும்பக் கேட்பதென்றால் அந்தக் கைகளுக்காகத்தான் கேட்பேன் என்று முடித்திருந்தார்.

நிஷாந் சிரித்தான். "தாங்ஸ் மாமா. ஆனா எனக்காகச் சும்மா சொல்லாதீங்கோ."

"இல்லையடா, இந்தா, இதில கிடக்கு."

அவன் அந்த எழுத்துகளை வெறுமனே பார்த்தான். "லண்டனில ஒருத்தரும் அப்பிடி எழுதேல்லை. நான் பான்டை விடப்போறன். இதுதான் கடைசிக் கச்சேரி ரூர். அம்மாட்ட இப்ப சொல்லாதீங்கோ."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவனுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவான தமிழோ சாப்பாட்டு மேசைக்குத்தான் போதுமாயிருந்தது.

சொன்னபடியே விலகினான். இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அக்காவுக்கு நிம்மதி. வேலைக்குப் போகும்போது மெத்ரோவில் அந்த இரண்டாவது அல்பத்தைக் கேட்பவன் எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான்.

ஆனால் அன்று கச்சேரி நடந்த மாலை எனக்கு மறக்கவில்லை. சிறிய மண்டபம். நானும் மனைவியும் பின்சுவரோரம் நின்றோம். அவன் தனியாக வாசித்து முடித்ததும் சுற்றியிருந்தவர்கள் பிரெஞ்சில் ஆர்ப்பரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. "நிஷாந், நல்லா இருக்குதடா!" என்று கத்தினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண்ணில் அடித்த வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தேடினான். தமிழ்க்குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நாங்கள் இல்லாத பக்கத்தைப் பார்த்துக் கையசைத்தான்.