முந்நூறைத் தாண்டாத வலைப்பூ

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக வேலை. ஆளைப் பார்த்ததுமே எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று எடுத்து நீட்டிவிடுவாள். வீட்டுக்காரர் பெயின்டர். ஏணிமேல் நின்றபடியே தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாய் கொடுத்துக்கொண்டிருப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால், வேலை முடிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். கையும் காலும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின. பேச்சுதான் முரண்டு பிடித்தது. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதன் பேர் வாயில் வராது.

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா சொல்வதை மறந்துவிடக் கூடாதே என்று அக்கா நோட்டில் எழுதி வைத்தாள். பிறகு அதையே ஒரு வலைப்பூவில் போட ஆரம்பித்தாள். ஒரு கையால் சட்டைப் பித்தான் போடுவது எப்படி, படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பேச வைப்பது எப்படி, கவனித்துக்கொள்கிறவருக்கு எரிச்சல் வந்தால் என்ன செய்வது. முதல் வருடம் படிக்க வருகிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. நாளுக்கு முந்நூறு பேர் வந்தார்கள். அதோடு சரி. எட்டு மாதமாக அந்த முந்நூறிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தன் யோசனை சொன்னார்.

“தினமும் ஒண்ணு போடுங்க அண்ணி. நிறைய போட்டாத்தான் தேடும்போது மேல வரும்.”

“தினமும் எழுத என்கிட்ட என்ன இருக்கு?”

“எதையாவது எழுதுங்க. வைட்டமின், தூக்கம், நடைப்பயிற்சி. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?”

நாற்பது நாளில் நாற்பது பதிவு. முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். எண்ணிக்கை ஏறாதது போகட்டும், தேடினால் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அவளுடைய பழைய பதிவுகூட இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டது. வீட்டுக்காரரோடு தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்கிற அட்டைப் பயிற்சியும் நின்றுபோனது.

ஒருநாள் காலை, அவள் கைபேசியில் நேற்றைய எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அது... அது குடு.”

“எதுங்க?”

“விரல்... வளருது... டக்.”

“என்னன்னு சரியா சொல்லுங்களேன், எனக்கு நேரமாச்சு.”

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். அவர் இன்னொரு தடவை முயலவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்து, பத்து விரலுக்கும் வெட்டிவிட்டாள். “தப்பு என்மேலதாங்க” என்றாள். அவர் அவள் தலையை லேசாகத் தள்ளி, “போ... கடை” என்றார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. என்ன தட்டச்சு செய்து தேடும்போது தன் வலைப்பூ கண்ணில் படுகிறது என்ற பட்டியலை அன்றைக்குத்தான் கடைசிவரை படித்தாள். அவள் வைத்திருந்த தலைப்புகளெல்லாம் ‘பேச்சிழப்பு மேலாண்மை’ என்கிற மாதிரி. டாக்டரம்மாவின் வார்த்தைகள். தேடியவர்கள் எழுதியதோ வேறு. ‘அப்பா தண்ணிக்கு பதிலா செருப்புன்னு சொல்றார்.’ ‘பக்கவாதம் வந்தவர் அழுதுகிட்டே இருக்கார்.’ இன்னும் கீழே ஒன்று: ‘அம்மா என் பேரை மறந்துட்டாங்களா இல்ல சொல்ல வரலையா.’

இதையும் இதுபோன்றதையும் கேட்டவர்களுக்கு அந்த மாதம் இருநூறு தடவைக்கு மேல் அவள் பதிவு காட்டப்பட்டிருந்தது. ஒருவர்கூட உள்ளே வரவில்லை. தலைப்பைப் பார்த்து, இது நமக்கில்லை என்று நகர்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? என் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

மூன்று வருடமாகக் கேட்கப் பயந்த கேள்வி. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல அவர் பார்த்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சட்டென்று அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினார். இரண்டாவது எழுத்து தப்பிப்போனது. கட்டைவிரலால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். முழுப் பேரும் வந்தது.

அவள் கண் நிறைந்ததைப் பார்த்து, “நான்... லூசு... இல்ல” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி அவளுக்குப் புரையேறியது.

“இதை எழுதட்டுமாங்க?”

யோசித்தார். “எழுது. படம்... வேணாம்.”

அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, தன் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மற்றவர்களுக்கு எப்படியோ, உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்றும் சேர்த்தாள். மற்ற தலைப்புகளையும் தேடுகிறவர்களின் பேச்சுக்கு மாற்றினாள். துண்டுதுண்டாகக் கிடந்த மூன்று பதிவுகளை ஒன்றாக்கினாள். நாற்பதில் முப்பத்தாறை அழித்தாள்.

கொழுந்தன் பதறிப்போனார். “எழுதினதை யாராவது அழிப்பாங்களா அண்ணி?”

“வைட்டமினைப் பத்தி எனக்கு என்னப்பா தெரியும்?”

முதலில் எண்ணிக்கை இருநூற்று நாற்பதுக்கு விழுந்தது. ஆனாலும் அவள் தினமும் பார்ப்பதை விட்டாள். அந்த நேரத்துக்குப் படஅட்டைகள் மேசைக்குத் திரும்பின. நாலாவது மாதம் எழுநூறைத் தொட்டது. அந்தக் கேள்வியைத் தேடினால் அவள் பதிவு இரண்டாவதாக வந்தது. கொழுந்தன் ஃபோன் செய்தார். “எங்க ஆபீஸ்ல இதைச் சொன்னேன் அண்ணி. என் யோசனைன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதிவின் கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நேத்து அம்மா கையில பேனாவைக் குடுத்தேன். என் பேர்ல பாதி எழுதினாங்க. அதுக்கு மேல வரலை.’

அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு முறை படி என்று அவர் சைகை காட்டினார். பிறகு பதில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

“பாதி... நல்லது. அம்மாவ... திட்டாத.”

ஒன்றையும் மாற்றாமல், அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினாள்.