இன்ஸ்பெக்ஷனுக்கு இறக்கிய மிஷின்

கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறேன். தரச் சான்றிதழ் கொடுப்பவர்கள் பார்வையிட வந்த நாளில், மாரடைப்பு நோயாளியாகப் படுத்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அதிகம் வாய் திறக்காதவள் என்று என்னைப் பிடித்தார்கள்.

"நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் படுங்கக்கா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்," என்றாள் அவசரப் பிரிவு நர்ஸ். மத்தியானம் என் குழம்பை வாங்கி ஊற்றிக்கொள்கிறவள்.

படுத்ததும் எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று அங்கே சுவரில் எழுதியிருக்கும். எனக்கு அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க, அதான் வந்துட்டீங்கள்ல," என்றாள். பொய் வலிதான். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நமக்கு ஒன்னுன்னா எங்க ஆஸ்பத்திரி இருக்கு," என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப எனக்கும் ஒரு கட்டில் சொல்லி வையி," என்று சிரித்தார். அவர் மூட்டை தூக்குகிறவர்.

சில மாதம் கழித்து, தல்லாகுளத்தில் லோடு இறக்கும்போது அவருக்கு நெஞ்சு அடைத்தது. பக்கத்தில் இருக்கும் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று ஆட்டோக்காரர் போனில் கேட்டார். நான் வேலை பார்க்கும் இங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.

"வாயுவா இருக்கும்க்கா. உக்காரச் சொல்லுங்க, டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு," என்றாள் அதே நர்ஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"அன்னைக்கு எனக்கு எடுத்தீங்களே, அந்த மிசின்..."

"அது மேல வார்டுல இருக்குக்கா. இன்ஸ்பெக்ஷனுக்குத்தான கீழ இறக்குவோம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சத்தம் போடவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து டாக்டர் இறங்கி வந்து, அவரை மேலே கொண்டுபோய் ஈசிஜி எடுத்துப் பார்த்தபிறகு, பெரியாஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயம் பாதி போய்விட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள் அங்கே. இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

இந்த வருஷமும் இன்ஸ்பெக்ஷன் வந்தது.

"நீங்கதான்க்கா படுக்கணும். போன தடவ எம்புட்டு நல்லாப் பண்ணுனீங்க."

"வேற ஆளப் பாருத்தா."

"கோவமாக்கா?"

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேறொருத்தி படுத்தாள். எல்லோரும் ஓடினார்கள். வழிவிட்டு, வாளியோடு சுவர் ஓரமாக நின்றேன். "பயப்படாதீங்க, அதான் வந்துட்டீங்கள்ல," என்று நர்ஸ் சொல்வது கேட்டது. அதே இதமான குரல்.

சாயங்காலம் மிஷினை மறுபடியும் மேலே ஏற்றினார்கள். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன்.