மச்சான் உட்கார்ந்த பலகை

என் மனைவியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தாலே எனக்கு எரிச்சல். அங்கே பெரிய மரப்பட்டறையில் சூப்பர்வைசராம். அவர் உளி பிடித்ததைப் பார்த்தவர் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை.

அன்று அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், வெள்ளை வேட்டியும் சென்ட் வாசமுமாக என் பட்டறைக்குள் நுழைந்தார். புது வேலை மேசைக்காக நான் வேப்பம் பலகைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"பெரிய கிளாம்ப் போட்டு இறுக்காம இதெல்லாம் ஒட்டாது மாப்ள. இங்கிட்டு யாருக்கும் வேலையே தெரியலை" என்றார்.

பேச்சுக்கென்ன, காசா பணமா? தரையில் கிடத்திய பழைய கதவில் இரண்டு பக்கமும் சட்டம் அடித்து, நடுவே பசை தடவிய பலகைகளை வைத்து, இடைவெளியில் ஆப்பை அடித்து இறக்கினேன். இறுக இறுகப் பலகைகள் அப்பளம்போல் நடுவில் எழும்பின. அந்த வாயை அடைக்கிற அவசரத்தில், மேலே பாரம் ஏற்ற மறந்திருந்தேன். பசையோ இறுகத் தொடங்கியிருந்தது.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்த வேட்டியோடு பலகை நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அடிங்க மாப்ள."

அடித்து முடித்ததும், "கல்லு தூக்கியாந்து வைக்கிறேன், நீங்க கெளம்புங்க மச்சான்" என்றேன்.

"பசை காயாம நடுவுல கிளாம்பை எடுக்கக் கூடாது மாப்ள."

கல்யாணச் சாப்பாடு போயிற்று. சாயங்காலம்வரை அரபு நாட்டு மெஷின்களின் பெருமையை நான் கேட்கவேண்டியிருந்தது. அவர் ஆயுளில் செய்த ஒரே மரவேலை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மேசை நடுவில், பிதுங்கிய பசையில் அவர் வேட்டி நூல் ஒட்டியிருக்கிறது. இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும். தள்ளவில்லை.