ஊழியக்காரியின் வெட்டோத்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ஒரு ஆள் செத்தும் போனான். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெங்களூரில் எஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் பெரியம்மா மகன் ஒரு விடுமுறைக்கு, தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய எங்கள் அமரவிளைக்கு வந்தபோது பையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு வைத்திருந்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தின் சட்டப் புத்தகம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, குகைக்குள்ளும் காட்டுக்குள்ளும் புகுந்து, பூதங்களோடு சண்டை போட்டு உயிரோடு திரும்ப வேண்டும். உங்கள் பாத்திரம் என்ன செய்கிற ஆள் என்பதுதான் கிளாஸ். சண்டைக்காரன், திருடன், மந்திரவாதி, கோயில் ஊழியர் என்று சில உண்டு. எந்தக் கிளாஸுக்கு என்ன ஆயுதம், என்ன மந்திரம் என்பதைப் புத்தகம்தான் தீர்மானிக்கும்.

நாங்கள் நான்கு பேர். அண்ணன் கதை நடத்தினான். செக்போஸ்டுக்குப் பக்கத்து டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குளத்தூர்க்காரர் ஒருவர் சண்டைக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’. என்னோடு பள்ளியில் படித்த அவருடைய தங்கை, திருடி. நான் ஊழியக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வீட்டில் சோறு தின்றுவிட்டு, டுட்டோரியலின் மாடி அறையில் கூடுவோம். இருபது முகம் வைத்த பகடையெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் கண்ணால்கூடக் கண்டதில்லை. சர்ச் வாலிபர் சங்கத்தின் ஹவுஸி வில்லைகளில் ஒன்று முதல் இருபது வரை எடுத்து, ஒரு பால்பொடி டின்னில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம்; பெரிய எண் வந்தால் அடி பலிக்கும். அறுப்புப் பண்டிகையில் சர்ச்சில் ஹவுஸி ஆடுவார்கள் என்பதால், அதற்கு முந்தின வாரம் மட்டும் அவற்றை ஒன்றும் தெரியாதவள்போலத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பேன்.

அண்ணனின் ஜெராக்ஸில் சில பக்கங்கள் இல்லை. ஊழியர் கிளாஸின் ஆயுதப் பக்கம் அதில் ஒன்று. காயம் ஆற்றுகிற மந்திரங்கள் பின்னால் வேறொரு பட்டியலில் இருந்தன, அவை கிடைத்துவிட்டன. கையில் என்ன பிடிக்கலாம் என்பதை நானே எழுதிக்கொண்டேன். வெட்டோத்தி என்று எழுதினேன். என் அம்மா வீடு கள்ளிக்காட்டில். அங்கே ரப்பர் தோட்டத்தின் மேல்சரிவுக்கு எந்தப் பெண்ணும் வெட்டோத்தி இல்லாமல் ஏறமாட்டாள். விறகு, தேங்காய், முள், பாம்பு, எல்லாவற்றுக்கும் அந்த மூக்கு வளைந்த கத்திதான். காடு காடாக நடக்கிற ஊழியக்காரி வேறு எதைக் கொண்டுபோவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனும் அன்றைக்குத் தலையாட்டினான்.

மூன்று வருட விடுமுறைகள் என் ஊழியக்காரி சாரின் சண்டைக்காரனுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நின்றாள். குகை வாசலை அடைத்துக் கிடந்த முட்புதரை வெட்டி வழி உண்டாக்கியவள் அவள். அதே கத்தியால் இரண்டு பூதங்களையும் முடித்தாள்.

பிறகு அண்ணன் புதுப் பதிப்பை வாங்கிவந்தான். இந்த முறை ஜெராக்ஸ் இல்லை, கெட்டி அட்டை போட்ட அசல் புத்தகம். பழையதில் திருடனின் திறமைகள் அட்டவணையில் அச்சடித்தபடிதான். புதியதில் ஆடுகிறவரே பங்கிட்டுக்கொள்ளலாம். சாரின் தங்கைக்கு வாயெல்லாம் பல். சண்டைக்காரன் ஒரு ஆயுதத்தில் தேர்ந்தவனாகலாம் என்று இருந்தது, சாருக்கும் சந்தோஷம். கடைசியாக அண்ணன் என் கிளாஸுக்கு வந்தான். ஊழியர்கள் ரத்தம் சிந்தக்கூடாதாம். வெட்டுகிற ஆயுதம் எதுவும் தொடக்கூடாதாம்.

“பழைய புத்தகத்திலயும் இதுதானாக்கும், மக்கா. நமக்கு அந்தப் பக்கம் இல்லாம போச்சு. இனி உனக்குத் தடியும் சுத்தியலும்தான் உண்டு.”

“சுத்தியல வச்சு மண்டையில அடிச்சா ரத்தம் வராதா? பாயசமா வரும்?”

சாரின் தங்கை சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. “நீ பின்னால நின்னா போதும். காயம் பட்டவங்களுக்கு மருந்து போட ஒரு ஆள் வேணும்லா” என்றான்.

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதே வாரம்தான் அவனுடைய அம்மா, என் பெரியம்மா, நர்ஸிங் படிப்புக்கான விண்ணப்பம் ஒன்றை எங்கள் வீட்டு மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த வேலையை நான் குறைவாக நினைத்ததில்லை. எங்கள் சர்ச்சில் பாதி வீடுகளுக்கு ஓடு போய்க் கான்கிரீட் வந்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் உனக்கு இது வேண்டுமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை, விளையாட்டிலும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புத்தகத்தை ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டு போனேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஊழியர் கிளாஸைப் பற்றி எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் படித்தேன். அண்ணன் நிறுத்திய இடத்திலிருந்து சில பக்கம் தள்ளி அது இருந்தது. புதுப் பதிப்பில் ஊழியர் என்றால் ஒரே அச்சு இல்லை. எந்தத் தெய்வத்துக்கு ஊழியம் செய்கிறாரோ, அதற்கேற்ப ஆயுதமும் மந்திரமும் மாறும். கதை நடத்துகிறவர் சம்மதித்தால் புதிதாகவே உண்டாக்கலாம்.

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

“சர்ச்சுக்குப் போற பிள்ளை, நீ புதுசா தெய்வம் உண்டாக்குவியா?” என்றான் அண்ணன்.

“மூணு வருசமா பூதம் உண்டாக்குனது நீ. நான் ஒண்ணும் சொல்லலியே. எனக்க தெய்வம் வழிகளுக்க தெய்வம். வழியில்லாத இடத்துல வழி வெட்டுகது. எழுதிக்க.”

எழுதிக்கொண்டான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஆயுதம் கூடுனா மந்திரம் குறையும். அதும் புத்தகத்துல உண்டு. வெட்டோத்தி வேணும்னா காயம் ஆத்துகது போவும். யோசிச்சுச் சொல்லு.”

நான் பின்வாங்குவேன் என்று அவன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. சார் பதறிப்போனார். பதற்றம் வந்தால் அவருக்கு மலையாளம் வந்துவிடும். “அப்போ எனக்கு அடி கிட்டியால் ஆரு நோக்கும்?” என்று கேட்டார்.

“அடிபடாம பாத்துக்கிடுங்க, சார். நான் பக்கத்துலதான் நிப்பேன்.”

காயம் ஆற்றும் மந்திரங்களை என் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளிலிருந்து ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தேன். அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்தது. அதன் பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம்.

அன்று ஒரு ஆற்றுப் பாலத்தை மறித்து நின்ற பூதத்திடம் அடிபட்டு சாரின் சண்டைக்காரன் விழுந்தான். முந்தைய ஞாயிறு என்றால் நான் மண்டியிட்டு மந்திரம் சொல்லியிருப்பேன். “இப்ப என்ன செய்யப்போற?” என்று அண்ணன் இழுத்துக் கேட்டான். “அவரத் தாண்டி முன்னால போறேன்” என்று சொல்லிவிட்டு டின்னுக்குள் கைவிட்டேன். பதினெட்டு வந்தது. பாலம் எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் சண்டைக்காரன் பிழைக்கவில்லை. சார் தன் தாளை நான்காய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு குளத்தூர் பஸ்ஸுக்குப் போனார்.

நானும் வீட்டுக்குப் போய் அந்த விண்ணப்பத்தை எடுத்து, ஒரு எழுத்துகூட நிரப்பாமல், பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். “பின்னெ என்னத்தச் செய்யப்போற?” என்று கேட்டார். “தெரியாது பெரியம்மா. இது வேண்டாம்” என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பல வருடம் கழித்து, அதற்கும் அடுத்த பதிப்பைப் பார்த்தேன். ஊழியர் கிளாஸுக்கு அதில் அள்ளி அள்ளிக் கொடுத்திருந்தார்கள். கைவசம் உள்ள எந்த மந்திரத்தையும் நினைத்த நேரத்தில் காயம் ஆற்ற மாற்றிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்று மருந்து போட எந்த ஊரிலும் யாருக்கும் ஆசை இல்லாமல்தானே இவ்வளவு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைய பாலச் சண்டைக்குப் பிறகு சார் இரண்டு ஞாயிறு வரவில்லை. அவர் இல்லாமல் ஆடப் பிடிக்காமல் நாங்கள் சும்மா உட்கார்ந்து செக்போஸ்டில் நிற்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஞாயிறு மாடிப்படி ஏறிவந்தார். கையில் புதுத் தாள், புதுப் பாத்திரம். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

கிளாஸ்: ஊழியர். ஆயுதம்: சுத்தியல். அதற்குக் கீழே காயம் ஆற்றும் மந்திரங்கள் முழுவதையும் தன் அழகான கரும்பலகைக் கையெழுத்தில் எழுதியிருந்தார்.

“ஒரு ஆள் வேணும்லா” என்றார் சார். “நீ முன்னால போ, மக்கா. நான் பின்னால வாறேன்.”